பசுமைக் கரைப்பான்: ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

எங்கள் கல்லூரியில் ஓர் அறிவியல் கண்காட்சி நடந்தது. வேதியியல் மாணவர்கள் இருவர் மேசைமீது இரண்டு கண்ணாடிக் குடுவைகளை வைத்திருந்தனர். ஒன்றில் டொலுவீன், மற்றொன்றில் தண்ணீர். டொலுவீன் குடுவையில் சிவப்பு அட்டை தொங்கியது. தண்ணீர்க் குடுவையில் பச்சை அட்டை. “இது நச்சுக் கரைப்பான், இது பசுமைக் கரைப்பான்” என்று வருவோர்க்கெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தனர். “பச்சை அட்டையை எதை அளந்து பார்த்துக் கொடுத்தீர்கள்?” என்று கேட்டேன். “தண்ணீர்தானே சார்! அதில் அளக்க என்ன இருக்கிறது?” என்றான் ஒருவன்.

அவனைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பாடநூல்களும் கருத்தரங்கக் கட்டுரைகளும் அவனுக்கு அப்படித்தான் கற்பித்துள்ளன. நான் இயற்பியல் ஆசிரியன். வேதியியலார் பேச வேண்டிய பொருளில் இவன் ஏன் தலையிடுகிறான் என்று நீங்கள் கேட்கலாம். அளக்காமல் எதையும் ஒப்புக்கொள்ளாதே என்பது எங்கள் துறையின் முதல் பாடம். அந்த உரிமையில், ‘பசுமைக் கரைப்பான்’ என்ற சொல்லை இங்கே சற்று உரசிப் பார்க்கிறேன். நீங்களும் உடன் வாருங்கள்.

சொல் பிறந்த கதை

ஒரு வினை நடைபெற வேண்டுமானால் மூலக்கூறுகள் ஒன்றையொன்று சந்திக்க வேண்டும். அவற்றைக் கலந்து உலவ விடுவது கரைப்பானின் வேலை. வினை முடிந்ததும் கரைப்பான் விளைபொருளில் இருப்பதில்லை. அதை நீக்கியாக வேண்டும். மருந்துத் தொழிலில் ஒரு தொகுதி உற்பத்திக்குள் செல்லும் பொருள்களின் எடையில் பெரும்பங்கு மருந்தாக மாறும் பொருள் அன்று, கரைப்பானே. ஆகவே கரைப்பான் தீயதாக இருந்தால், தொழில் முழுவதும் தீயதாகிவிடுகிறது.

அத்தகைய தீய கரைப்பான்களை நாம் நெடுங்காலம் கவலையின்றிப் பயன்படுத்தினோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் லுட்விக் ரோசெலியஸ் என்பவர் காப்பிக்கொட்டையிலிருந்து கஃபீனை நீக்கும் முறையைக் கண்டார். அதற்கு அவர் பயன்படுத்திய கரைப்பான் பென்சீன்! பென்சீன் புற்றுநோயை உண்டாக்கும் என்பதை இன்று பள்ளி மாணவரும் அறிவர்.

1998-இல் அமெரிக்க வேதியியலார் பால் அனஸ்டாஸ், ஜான் வார்னர் ஆகிய இருவரும் பசுமை வேதியியல் பற்றி ஒரு நூல் வெளியிட்டனர். அதில் பன்னிரண்டு நெறிகளை வகுத்தனர். ஐந்தாம் நெறி கரைப்பான்களைப் பற்றியது. அதன் கருத்து இரண்டு பகுதிகளைக் கொண்டது. முதலாவது: கரைப்பான் போன்ற துணைப்பொருள்களை இயன்றவரை தவிர்க்க வேண்டும். இரண்டாவது: தவிர்க்க இயலாதபோது தீங்கற்றதைப் பயன்படுத்த வேண்டும்.

என் முதல் குறை இதுதான். இந்நெறியை ஓதுவோர் பலர் இரண்டாம் பகுதியை மட்டும் பிடித்துக்கொண்டு முதற்பகுதியைக் கைவிட்டுவிட்டனர். “எவ்வளவு குறைவாக?” என்ற கேள்வி மறைந்து, “எந்தக் குடுவை?” என்ற கேள்வி மட்டும் எஞ்சியது. பச்சை அட்டை அங்கேதான் பிறந்தது.

தண்ணீரின் திறமை

தண்ணீரின் பெருமையை நான் மறுக்க வரவில்லை. தண்ணீர் மூலக்கூறில் இரு ஹைட்ரஜன் அணுக்கள் ஆக்சிஜனோடு 104.5° கோணத்தில் வளைந்து நிற்கின்றன. இதனால் மூலக்கூறின் ஒரு பக்கம் சிறிது எதிர்மின் தன்மையும் மறுபக்கம் சிறிது நேர்மின் தன்மையும் பெறுகின்றன. அறை வெப்பநிலையில் தண்ணீரின் மின்காப்பு மாறிலி ஏறத்தாழ 80. அதாவது சோடியம், குளோரைடு அயனிகளுக்கு இடையே வெற்றிடத்தில் உள்ள கவர்ச்சி விசை, தண்ணீருக்குள் எண்பதில் ஒரு பங்காகக் குறைகிறது. உப்பு கரைவதன் இரகசியம் இதில் அடங்கியிருக்கிறது.

ஆனால் எண்ணெய் போன்ற கரிமச் சேர்மங்களில் மின்முனைகள் இல்லை. தண்ணீர் அவற்றை ஏற்பதில்லை. எனவே ‘தண்ணீர் ஒரு சர்வ கரைப்பான்’ என்று நாம் மனப்பாடம் செய்த வாக்கியம் மிகையானது. கரிம வேதியியலார் தண்ணீரை நெடுங்காலம் ஒதுக்கியே வைத்திருந்தனர்.

1980-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ரொனால்டு பிரெஸ்லோ ஒரு வியப்பான செய்தியை வெளியிட்டார். சைக்ளோபென்டாடையீனும் மெத்தில் வைனைல் கீட்டோனும் இணையும் வினை, ஐசோ ஆக்டேன் என்ற எண்ணெய்த்தன்மையுள்ள கரைப்பானில் நடப்பதைவிடத் தண்ணீரில் சுமார் 700 மடங்கு விரைவாக நடந்தது. காரணம் என்ன? தண்ணீர் மூலக்கூறுகள் தமக்குள் ஹைட்ரஜன் பிணைப்பால் இறுகக் கைகோத்து நிற்கின்றன. எண்ணெய்த்தன்மையுள்ள மூலக்கூறுகள் அக்கூட்டத்தில் நுழைந்தால், அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கித் தள்ளிவிடுகின்றன. நெருங்கியவை விரைந்து வினைபுரிகின்றன. வினையின்போது உருவாகும் இடைநிலை வடிவத்துக்கும் தண்ணீரின் ஹைட்ரஜன் பிணைப்பு துணை செய்கிறது.

2005-இல் அமெரிக்காவின் பாரி ஷார்ப்லெஸ் குழுவினர் இன்னும் ஒரு படி மேலே சென்றனர். வினைப்பொருள்கள் தண்ணீரில் கரையக்கூட வேண்டாம்; அவற்றைத் தண்ணீரோடு சேர்த்து வேகமாகக் கலக்கினாலே போதும் என்று காட்டினர். டொலுவீனில் 120 மணிக்கு மேலும், கரைப்பான் இன்றி 48 மணியும் எடுத்த ஒரு வினை, தண்ணீரின் மேற்பரப்பில் 10 நிமிடத்தில் முடிந்தது.

இவை அரிய அறிவியல் உண்மைகள். ஆனால் இவை சொல்வதெல்லாம் வினையின் வேகத்தைப் பற்றித்தான். வேகமான வினை எல்லாம் தூய்மையான தொழில் ஆகிவிடாது. இவ்விரண்டையும் ஒன்றாக்கியதில்தான் பிழை நேர்ந்தது.

வெப்பக் கணக்கு

இப்போது தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொள்ளுங்கள். வினை முடிந்தபின் கரைப்பானை ஆவியாக்கி நீக்குவதாகக் கொள்வோம்.

30° செ. வெப்பநிலையிலுள்ள 1 கிலோ தண்ணீரை 100° செ. வரை சூடாக்க 4.2 × 70, அதாவது 294 கிலோ ஜூல் வேண்டும். அதை ஆவியாக்க உள்ளுறை வெப்பம் 2,257 கிலோ ஜூல். மொத்தம் ஏறத்தாழ 2,550 கிலோ ஜூல்.

ஹெக்சேன் 69° செ.இல் கொதிக்கிறது. 1 கிலோ ஹெக்சேனை 30° செ.இலிருந்து அதுவரை சூடாக்க ஏறத்தாழ 90 கிலோ ஜூல்; ஆவியாக்க ஏறத்தாழ 335. மொத்தம் 425 கிலோ ஜூல்.

தண்ணீருக்கு ஆறு மடங்கு வெப்பம் செலவாகிறது! 1,000 கிலோ தண்ணீரை ஆவியாக்க வேண்டிய ஆற்றல் 700 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். எந்த ஹைட்ரஜன் பிணைப்பு வினையை விரைவாக்கியதோ, அதே பிணைப்புதான் இங்கே கட்டணம் வசூலிக்கிறது. ஆவியின் வெப்பத்தை அடுத்த கலனுக்குப் பயன்படுத்தும் பலநிலை ஆவியாக்கிகள் இச்செலவை வெகுவாகக் குறைக்கும் என்பது உண்மை. ஆயினும் செலவு இல்லாமற் போவதில்லை. எங்கோ ஓர் உலையில் நிலக்கரி எரிந்துகொண்டுதான் இருக்கும்.

ஹெக்சேன் நல்லது என்று நான் சொல்வதாக எண்ணிவிடாதீர்கள். அது எளிதில் தீப்பற்றும். அதன் ஆவியை நெடுநாள் சுவாசித்தால் நரம்புகளைக் கெடுக்கும். நான் சொல்ல வந்தது, இரு குடுவைகளையும் ஒரே தராசில் வைக்க வேண்டும் என்பதே.

ஏட்டில் ஏறாத தண்ணீர்

1992-இல் டச்சு நாட்டில் பணியாற்றிய ரோஜர் ஷெல்டன் ஒரு நல்ல அளவுகோலைத் தந்தார். ஒரு கிலோ விளைபொருளுக்கு எத்தனை கிலோ கழிவு உண்டாகிறது என்பதே அந்த ‘ஈ-காரணி’. பெருமளவு வேதிப்பொருள்களுக்கு இது ஒன்று முதல் ஐந்து வரை. மருந்துகளுக்கு 25 முதல் நூறுக்கும் மேல். தூய்மையானது என்று நாம் நம்பும் மருந்துத் தொழில்தான், கிலோவுக்குக் கிலோ பார்த்தால், அதிகக் கழிவு தருகிறது என்ற உண்மையை இந்த எண் வெளிச்சமாக்கியது. அதற்காக அவருக்கு நாம் கடமைப்பட்டுள்ளோம்.

ஆனால் தொடக்கத்தில் அக்கணக்கில் தண்ணீர் சேர்க்கப்படவில்லை. சேர்த்தால் எண்கள் மிகப் பெரிதாகி, ஒப்பிடுவது கடினமாகிவிடும் என்பது காரணம். காரணம் ஏற்கத்தக்கதே. அதன் விளைவு என்ன என்று எண்ணிப் பாருங்கள். டொலுவீனை எடுத்துவிட்டுத் தண்ணீரை ஊற்றிய மறுகணமே கழிவு எண் சரிந்துவிடும். தொழிற்சாலையின் குழாயில் ஓடும் நீரின் அளவு குறைந்ததா என்று யாரும் கேட்கமாட்டார்கள். பின்னர், 2015-இல், ஷெல்டனும் உடன் ஆய்வாளர்களும் தண்ணீரையும் கரைப்பானையும் சேர்த்த முழுக் காரணியை முன்வைத்தனர். அந்த முழுக் காரணி நம் வகுப்பறைகளை இன்னும் எட்டவில்லை.

‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்று நம் பாட்டிமார் சொன்னதை வேதியியலார் நினைவில் வைத்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. ‘தண்ணீரில் நடைபெறும் பசுமை வினை’ என்ற தலைப்பில் ஆய்வுக் கட்டுரை ஏதேனும் கண்டால், தலைப்போடு நின்றுவிடாமல் செய்முறைப் பகுதியின் கடைசி வரிகளையும் படியுங்கள். வினை முடிந்தபின் விளைபொருளை எத்தில் அசெட்டேட் கொண்டு மூன்று முறை பிரித்தெடுத்ததாகப் பல கட்டுரைகளில் காண்பீர்கள். வாசலில் அனுப்பிய கரிமக் கரைப்பான் கொல்லைப்புறமாகத் திரும்பி வந்துவிட்டது! எஞ்சிய தண்ணீரிலோ கரிமப்பொருள் கலந்திருக்கிறது. டொலுவீன் கழிவை எரிக்கலாம், வடித்தெடுத்து மீண்டும் பயன்படுத்தலாம். சிறிதளவு கரிமப்பொருள் கலந்த பெருமளவு தண்ணீரை எரிக்க முடியாது. தூய்மை செய்வதும் எளிதன்று. இதே குறையை 2007-இல் டோனா பிளாக்மண்ட் என்ற வேதிப் பொறியியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் வெளிப்படையாக எழுதினர். வினை தண்ணீரில் நடந்தது என்பதாலேயே அது பசுமையாகிவிடாது என்பது அவர்கள் வாதம். அதைப் படித்தோர் உண்டு. பச்சை அட்டையைக் கழற்றியோர் குறைவு.

நொய்யல் தரும் சாட்சி

இதெல்லாம் ஆய்வுக்கூடத்துச் சண்டை என்று நீங்கள் நினைக்கலாம். தண்ணீரைக் கரைப்பானாகக் கொண்ட மாபெரும் தொழில் ஒன்று நம் அருகிலேயே இருக்கிறது. அது திருப்பூரின் சாயத்தொழில்.

பருத்தித் துணிக்கு ஏற்றும் வினைபுரி சாயங்கள் தண்ணீரில் நன்கு கரைபவை. தண்ணீரில் நனைந்த பருத்தி இழையின் மேற்பரப்பு எதிர்மின் தன்மை பெறுகிறது. சாய அயனிகளும் எதிர்மின் தன்மை உடையவை. ஒன்றையொன்று விலக்குகின்றன. இந்த விலக்கத்தை மறைப்பதற்காகச் சாயத்தொட்டியில் லிட்டருக்குப் பல பத்து கிராம் என்ற அளவில் உப்பு கொட்டப்படுகிறது. உப்பு வினையில் செலவாவதில்லை. போட்டது ஏறக்குறைய முழுவதும் கழிவுநீரோடு வெளியேறுகிறது. இன்னொரு தொல்லையும் உண்டு. சாயம் இழையோடு பிணைவதற்குப் பதிலாகத் தண்ணீரோடும் வினைபுரிந்துவிடுகிறது. அப்படிக் கெட்ட சாயம் இழையில் ஒட்டாது. அதைக் கழுவி அகற்ற மேலும் மேலும் தண்ணீர் வேண்டும். இங்கே கரைப்பான் வெறும் சாட்சியாக நிற்கவில்லை. குற்றத்தில் பங்காளியாகவே இருக்கிறது.

வெள்ளியங்கிரி மலைகளில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியே சென்று காவிரியில் சேர்வது நொய்யல் ஆறு. அதன் குறுக்கே பாசனத்துக்காக 1990-களின் தொடக்கத்தில் ஒரத்துப்பாளையம் அணை எழுந்தது. ஆனால் அங்கே வந்து தேங்கியது சாயக் கழிவு. அணைத் தண்ணீரைத் திறந்துவிடுங்கள் என்று கேட்க வேண்டிய உழவர்கள், திறக்காதீர்கள் என்று கேட்கும் நிலை வந்தது. கிணறுகளில் உப்பு ஏறியது; வயல்கள் பாழாயின. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. பல்லாயிரம் தொழிலாளர் குடும்பங்கள் வேலையின்றித் தவித்தன.

உழவருக்கும் தொழிலாளிக்கும் ஒருசேர நேர்ந்த இந்த இழப்பில் பென்சீன் இல்லை, டொலுவீன் இல்லை. தொட்டியில் இருந்த கரைப்பான் தண்ணீர்! கண்காட்சி மேசையில் வைத்தால் பச்சை அட்டை பெற்றிருக்கும்.

அதன்பின் கழிவுநீரைத் துளியும் வெளியேற்றாத முறை கட்டாயமாயிற்று. எதிர் சவ்வூடு பரவல் முறையில் கழிவுநீரிலிருந்து நல்ல நீரைப் பிரிக்கின்றனர். எஞ்சிய அடர்ந்த உப்பு நீரை ஆவியாக்குகின்றனர். நாம் மேலே போட்ட வெப்பக் கணக்கு இங்கே மின்கட்டணமாகவும் விறகுச் செலவாகவும் வந்து நிற்கிறது. உப்புக்கரைசலின் ஒரு பகுதியை மீண்டும் சாயத்தொட்டிக்கே அனுப்புகின்றனர். அதற்கு உதவாத கலப்பு உப்பு மூட்டைகளாகக் குவிகிறது. எவ்வளவு செலவானாலும் இது சரியான திசையே. ஏனெனில் இப்போதுதான் தண்ணீர் கணக்கில் ஏறியிருக்கிறது.

மாற்றுகளுக்கும் அதே தராசு

தண்ணீருக்குச் சொன்னது பிற ‘பசுமை’களுக்கும் பொருந்தும். அறை வெப்பநிலையிலேயே திரவமாக இருக்கும் உப்புகளான அயனித் திரவங்கள், 1990-களின் இறுதியில் பெரிதும் போற்றப்பட்டன. அவை ஆவியாவதில்லை, காற்றைக் கெடுப்பதில்லை என்பது அவற்றின் புகழ். ஆனால் 2003-இல் அத்துறையின் முன்னோடிகளுள் ஒருவரான ராபின் ராஜர்ஸ் குழுவினரே ஓர் எச்சரிக்கை விடுத்தனர். மிகுதியாகப் பயன்பட்ட ஹெக்சாஃபுளூரோபாஸ்பேட் வகைத் திரவம் தண்ணீரால் சிதைந்து, கொடிய ஹைட்ரஜன் ஃபுளூரைடைத் தரக்கூடும் என்பதே அது. தம் குழந்தையையே தராசில் ஏற்றிய அந்த நேர்மையை நான் வணங்குகிறேன்.

கார்பன் டை ஆக்சைடு 31° செ.க்கு மேல், ஏறத்தாழ 73 வளிமண்டல அழுத்தத்துக்கு மேல், வாயுவும் அல்லாத திரவமும் அல்லாத ஒரு நிலையை அடைகிறது. இந்நிலையில் அது சிறந்த கரைப்பான். ஜெர்மனியில் கூர்ட் சோசெல் கண்ட முறைப்படி இன்று காப்பிக்கொட்டையிலிருந்து கஃபீனை நீக்க இது பயன்படுகிறது. அழுத்தத்தைக் குறைத்தால் தானே பிரிந்துவிடும், மீண்டும் பயன்படும். பென்சீனில் தொடங்கிய தொழில் இங்கே வந்து சேர்ந்தது பெரிய முன்னேற்றம். ஆயினும் அந்த அழுத்தத்தைத் தாங்கும் எஃகுக் கலன்களும், அழுத்தும் ஆற்றலும் செலவுப் பட்டியலில் இடம்பெற வேண்டும். இதே முறையில் பாலியெஸ்டர் துணிக்குத் தண்ணீரின்றிச் சாயமேற்றும் இயந்திரங்கள் வந்துவிட்டன. பருத்திக்கான வழக்கமான சாயங்களோ அதில் கரைவதில்லை.

2007-இல் சூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 26 கரைப்பான்களை, உற்பத்தி முதல் கழிவு வரை எடைபோட்டனர். எத்தனால், மெத்தனால், ஹெப்டேன் போன்ற எளிய பழைய திரவங்கள் நல்ல மதிப்பெண் பெற்றன; டையாக்சேன், அசிட்டோநைட்ரைல் போன்றவை தோற்றன. புதுமையான பெயர்களைவிட வாழ்நாள் கணக்கே பெரிது என்பதற்கு இது நல்ல சான்று.

எது நல்ல தண்ணீர்?

தண்ணீர் உண்மையாகவே வெற்றி பெற்ற இடம் உண்டா? உண்டு. ஜெர்மனியின் ஓபர்ஹௌசன் நகரில் 1984 முதல் ஒரு தொழிற்சாலை புரோப்பீனிலிருந்து பியூட்டனல் என்ற ஆல்டிஹைடைத் தயாரிக்கிறது. விலையுயர்ந்த ரோடியம் வினையூக்கி தண்ணீரில் கரைந்திருக்கும். விளைபொருளோ எண்ணெய்போல் மேலே தனியே பிரிந்து நிற்கும். மேலே உள்ளதை வடித்துக்கொண்டு, கீழே உள்ள தண்ணீரை வினையூக்கியோடு மீண்டும் உலைக்கே அனுப்புகின்றனர். பிரித்தெடுக்க வேறு கரைப்பான் இல்லை. தண்ணீரை ஆவியாக்கும் வேலை இல்லை. அங்கே தண்ணீர் தொழிற்சாலைக்குள்ளேயே சுழன்றுகொண்டிருக்கிறது.

திருப்பூர்த் தொட்டியிலும் ஓபர்ஹௌசன் உலையிலும் உள்ளது ஒரே தண்ணீர்தான். இரண்டிலும் அதே 104.5° கோணம், அதே மின்காப்பு மாறிலி. வேறுபாடு தண்ணீர் சென்ற வழியில் இருக்கிறது. எனவே பசுமை என்பது திரவத்தின் இயல்பு அன்று. முழு வழியின் இயல்பு. கொதிநிலையைப் போல அதைக் குடுவையின்மேல் எழுதி ஒட்ட முடியாது.

ஆகவே இனி எவரேனும் பசுமைக் கரைப்பான் என்று சொன்னால், நான்கு கேள்விகளைக் கேளுங்கள். கரைப்பான் இன்றியே செய்ய இயலாதா? ஒரு கிலோ விளைபொருளுக்கு எத்தனை கிலோ கரைப்பான், தண்ணீரையும் சேர்த்து? அதைப் பிரிக்க எவ்வளவு வெப்பம்? கடைசியில் அது எங்கே போகிறது? நான்காவது கேள்விக்கு விடை கிடைக்கும்வரை மற்ற மூன்றுக்கும் முழுப் பொருள் இல்லை.

கண்காட்சி முடிந்த மாலையில் அந்த மாணவர்களோடு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். மறுநாள் காலை இரு அட்டைகளும் மேசையில் இல்லை. அவற்றின் இடத்தில் ஒரே ஒரு வெள்ளை அட்டை. அதில் ‘இது எங்கிருந்து வந்தது? எங்கே போகும்?’ என்று எழுதியிருந்தான் முதல் நாள் எனக்கு விடை சொன்ன அந்தப் பையன். அதை எந்தக் குடுவையின் முன் வைப்பது என்பதில்தான் இருவருக்கும் வாக்குவாதம். இரண்டுக்கும் நடுவில் வைக்கச் சொன்னேன்.